தொடாமல் கண்டுபிடிக்க முடியாத வியாதி

'உழைச்ச ஒடம்பு, வலிக்கத்தான் செய்யும்.'

கை வீங்கி, விரல் மடங்காமல், சேரியிலிருந்து நடந்து வருகிற பெண்ணுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற முதல் வைத்தியம் இந்த வாக்கியம்தான். ஆண்டை வீட்டுக் களத்தில் இதைச் சொல்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஊசி போடுகிற கடையில் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையில், சீட்டிலிருந்து தலை நிமிராமலே சொல்கிறார்கள். மேடை ஏறினால் நம்முடைய தோழர்களும் இதையேதான் கொஞ்சம் அலங்காரம் பண்ணிச் சொல்கிறார்கள்: காய்ப்பேறிய கரங்கள், உழைத்து உருக்குலைந்த விரல்கள் என்று. ஏசுகிறவனும் போற்றுகிறவனும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சேரிக்காரி உடம்பு வலிப்பதற்கென்றே ஆனது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை.

வலி பொய்யில்லை. அந்த வலிக்குச் சொல்லப்படுகிற காரணம் பொய். அந்தப் பொய்யால் கை போனவர்களுக்காக இதை எழுத வேண்டியிருக்கிறது.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று ஒரு வியாதி. மருத்துவத் தமிழில் முடக்குவாதம் என்கிறார்கள், சிலர் சரவாங்கி என்பார்கள். நம் ஜனங்கள் வாயில் அது வாயு, வாதம், கைகால் பிடிப்பு. 2006-ல் சிக்குன்குனியா வந்து ஊர் ஊராகப் படுக்க வைத்துவிட்டுப் போன பிறகு, எந்த மூட்டு வீங்கினாலும் 'அன்னிக்கி வந்த காய்ச்சலு இன்னும் உள்ளாறயே இருக்குது' என்று ஒரு பதிலும் சேர்ந்துகொண்டது. இத்தனை பேர் இருந்தும் வியாதியின் சொந்தப் பேர் மட்டும் சேரிக்கு வந்து சேரவில்லை.

இது மூட்டு தேய்ந்து வருகிற வியாதி இல்லை. நம் உடம்புக்குள் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. வெளியிலிருந்து கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு அடிப்பது அதன் வேலை. இந்த வியாதியில் அந்தக் காவல் தடம் மாறிப்போகிறது. உடம்பின் சொந்தப் பொருளையே அந்நியமென்று எடுத்துக்கொண்டு அதற்கு எதிரான புரதங்களை உற்பத்தி செய்கிறது. அடி விழுகிற இடம் மூட்டு. மூட்டின் உட்புறத்தில் பூண்டுத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கிறது. வழவழப்பான நீரைச் சுரந்து எலும்பும் எலும்பும் உரசாமல் பார்த்துக்கொள்வது அந்தச் சவ்வுதான். அது வீங்கித் தடிக்கிறது, நீர் கோத்துக்கொள்கிறது. தடித்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதைத் தின்கிறது. அப்புறம் எலும்பை அரிக்கிறது. மூட்டைப் பிடித்திருக்கிற நாண்கள் தளர்ந்து, விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோகின்றன. அரித்த எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

மூட்டோடும் இது நிற்பதில்லை. ரத்தம் சுண்டுகிறது, தூங்கி எழுந்தாலும் அசதி தீருவதில்லை, கண் உலர்கிறது, சிலருக்கு நுரையீரலில் தழும்பு விழுகிறது. இந்த வியாதி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வருகிற வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அடியோடு ஒழிக்க மருந்து கிடையாது. ஆனால் அடக்கி வைக்க மருந்து உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது ஏமாற்று.

யாருக்கு வரும்? எந்தச் சாதிக்கும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதாவது ஒரு குடும்பமே அவள் கையை நம்பி இருக்கிற வயதில் வருகிறது. வடஇந்தியக் கிராமங்களில் எடுத்து 1993-ல் வெளியான ஓர் ஆய்வு, வயதுவந்தோரில் 0.75 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. மகாராஷ்டிரத்தில் பிக்வான் என்ற ஊரில் 1996-ல் தொடங்கிய ஆய்வு 0.5 சதவீதம் என்றது. ஆயிரம் பெரியவர்கள் இருக்கிற ஊருக்கு ஐந்திலிருந்து எட்டுப் பேர். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், சோற்றைப் பிசைய முடியாமல் உள்ளங்கையால் தள்ளிச் சாப்பிடுகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவளுக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்களா?

*

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். உழைத்த உடம்பின் வலி எப்போது வரும்? வேலை ஏற ஏற ஏறும். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடிக்கும். படுத்துத் தூங்கினால் குறையும். மூட்டுத் தேய்மானத்தின் வலிகூட அப்படித்தான். காலையில் கொஞ்ச நேரம் இறுக்கமாக இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்கத்தான் அதிகமாகும்.

முடக்குவாதம் இதற்கு நேர்மாறு. ராத்திரி முழுக்க ஓய்ந்து படுத்த பிறகு, விடியக்காலையில் வருகிறது. எழுந்ததும் விரல் மடங்காது, மணிக்கட்டு திரும்பாது, பாதத்தைத் தரையில் வைக்க முடியாது. அரை மணி, ஒரு மணி, சிலருக்கு நடுப்பகல் வரை அந்த இறுக்கம் நீடிக்கும். வேலை செய்யச் செய்யத்தான் கொஞ்சம் இளகும். ஒரு பக்கம் மட்டும் வராது, பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே இடத்தில் வரும். சின்ன மூட்டுகளைத்தான் முதலில் பிடிக்கும். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது சாதாரணக் காய்ச்சல் வலியில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

உழைப்பால் வந்த வலி என்றால் உழைப்பில்லாத ராத்திரிக்குப் பிறகு ஏன் உச்சத்துக்குப் போகிறது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும், 'உழைச்ச ஒடம்பு' என்கிற தீர்ப்பு அங்கேயே விழுந்திருக்கும். கேட்கவில்லை. ஏனென்றால் பதில் முன்னாலேயே தயாராக இருந்தது. கார்ப்பரேட் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு மேல்சாதிப் பெண் 'காலையில விரல் மடங்கல டாக்டர்' என்றால் அது ஒரு அறிகுறி. அதையே நடவுக்காரி சொன்னால் அது அவள் தொழில். அறிகுறியை வியாதியோடு சேர்ப்பதா சாதியோடு சேர்ப்பதா என்பதை ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

எங்கம்மா கதை இது. தென்னாற்காட்டுப் பக்கம். நாத்துப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, மல்லாட்டைக் கொல்லை என்று வருஷம் முழுக்கக் கூலி வேலை. 2004-ல் அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். இரண்டு கையிலும் நடுவிரல் கணு வீங்கியது. 'காத்தால எந்திரிச்சா கையி கட்டையாட்டம் கெடக்குதுடா. நாத்துமுடிய அவுக்க முடியல. பொழுது ஏறுனாத்தான் கொஞ்சம் அவுந்து குடுக்குது' என்று சொல்லும். எந்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த வியாதியின் அடையாளம் இதைவிடத் தெளிவாக இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதை முதல் மாதமே சொல்லிவிட்டது.

நடவு வரிசையில் அம்மா பின்தங்கியது. அம்மா வயசில் பாதி இருக்கிற ஆண்டை மகன் வரப்பில் நின்றுகொண்டு, 'இன்னாடி, கையி இன்னா பூவா? படுத்துக்கினு தின்னு பழக்கமாயிடுச்சா?' என்றான். முதலில் கூலியில் பிடித்தார்கள். அப்புறம் வேலைக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஊசிக் கடையில் ஒரு ஊசியும் மூன்று கலரில் மாத்திரையும் கொடுத்தார்கள். மறுநாள் அம்மா ஓடியாடி வேலை செய்தது. பத்து நாள் கழித்து மறுபடி கை கட்டை. மறுபடி ஊசி. வருஷம் போகப் போக முகம் உப்பிக்கொண்டு வந்தது. 'ஒடம்பு தேறிட்ட' என்று தெருவே சொன்னது. தேறவில்லை. அது ஸ்டீராய்டு.

டவுனில் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டினோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே 'எந்த ஊரு?' என்றார், பிறகு 'எந்தத் தெரு?' என்றார். தெருவைச் சொன்னோம். அதற்குமேல் அவர் கை மேசையைத் தாண்டவில்லை. பேனாவால் காட்டி, 'அந்தக் கையத் தூக்கு, இந்தக் கையத் தூக்கு' என்றார். படம் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, 'எலும்பு நல்லாத்தானே இருக்குது. உழைச்ச ஒடம்பு' என்றார்.

2011-ல், ஏழு வருஷம் கழித்து, பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் சின்ன வயசுப் பெண் டாக்டர் ஒருவர் அம்மாவின் இரண்டு கையையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கணுவாகக் கட்டைவிரலால் அழுத்தி, 'இங்க வலிக்குதாம்மா? இங்க?' என்று கேட்டுக்கேட்டு எண்ணினார். வெளியே வந்ததும் அம்மா வியாதியைப் பற்றிப் பேசவில்லை. 'அந்தப் பொண்ணு கையப் புடிச்சிச்சுடா' என்றது. மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது, காலை இறுக்கம் குறைந்தது. ஆனால் வலது கை விரல்கள் ஏற்கெனவே சாய்ந்துவிட்டிருந்தன. அவை அப்படியே இருக்கின்றன.

*

அந்த டாக்டர் தனியாகக் கருணை எதையும் காட்டிவிடவில்லை. அவர் செய்ததுதான் பரிசோதனை. இந்த வியாதியைக் கண்டுபிடிக்கிற முதல் கருவி மருத்துவரின் விரல். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, முழங்கால் இரண்டு, கை விரல்களின் கணுக்கள் இருபது. ஆக 28 மூட்டுகளைத் தொட்டு, அழுத்தி, எது வீங்கியிருக்கிறது, எது வலிக்கிறது என்று எண்ண வேண்டும். வியாதி கூடியதா குறைந்ததா என்று தீர்மானிக்கவும் ஒவ்வொரு தடவையும் இதே எண்ணிக்கைதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. வீங்கிய சவ்வு அழுத்தினால் மெத்தென்று இருக்கும், தேய்ந்த எலும்பு கெட்டியாக இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், விரலுக்கு வேறு வேறு.

'படம் எடுத்தாச்சே, ரத்தம் எடுத்தாச்சே' என்பார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருக்கும். அரிப்பு படத்தில் தெரிகிறபோது கை போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபாக்டர் என்று ஒன்றைப் பார்க்கிறார்கள், ஆன்டி-சிசிபி என்று இன்னொன்றைப் பார்க்கிறார்கள். வியாதி இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ இரண்டுமே இல்லை என்றுதான் வரும். வியாதியே இல்லாத சிலருக்கு ருமட்டாய்டு ஃபாக்டர் உண்டு என்றும் வரும். ஆகவே காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தொட்டே ஆக வேண்டும்.

தீண்டாமை இந்த நாட்டின் மருத்துவத்துக்கு வெளியே இருக்கிறது என்று யார் சொன்னது? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்து, 2006-ல் புத்தகமாக வந்த தீண்டாமை பற்றிய ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. வாசலில் நின்று மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறவர் காய்ச்சலுக்குக்கூட ஏதோ செய்துவிடலாம். முடக்குவாதத்தை அவரால் கண்டுபிடிக்கவே முடியாது. தீண்டாமையை மனத்துன்பம், அவமானம் என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். இங்கே அது எலும்பில் போய் உட்காருகிறது. தொடாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கணு.

இதில் புதிதாகவும் ஒன்றுமில்லை. 1800-ல் பாரிஸ் நகரத்தில் லாந்த்ரே-போவே என்கிற இளம் மருத்துவர் இந்த வியாதியைத் தனி வியாதியாக முதன்முதலில் எழுதினார். அவர் பார்த்த ஒன்பது பேரும் பெண்கள், சால்பெத்ரியேர் என்ற ஏழைகளின் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள். அதுவரை ஐரோப்பிய மருத்துவர்களுக்கு மூட்டு வியாதி என்றால் கௌட். கறியும் மதுவுமாக வாழ்ந்த பணக்கார ஆண்களின் வியாதி. புத்தகம் புத்தகமாக அதைப் பற்றி எழுதினார்கள். ஏழைப் பெண்களின் கை வேறு விதமாக வீங்குகிறது என்று பார்க்க ஒரு ஆள் அந்த ஆஸ்பத்திரிக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. இன்று உலகம் புழங்குகிற பேரை ஆங்கிலேய மருத்துவர் காரட் வைத்தது அதற்கும் 59 வருஷம் கழித்து, 1859-ல்.

*

உழைப்பு இந்த வியாதியைக் கொண்டுவருவதில்லை என்றால் உழைக்கிற இடத்துக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. அதைத்தான் அந்த வாக்கியம் மறைக்கிறது. பிறவியில் வருகிற மரபணுக்கூறு ஒரு பங்கு. புகைப்பழக்கம் ஒரு பங்கு. இன்னொரு பங்கு தூசு. கல் உடைக்கிற இடத்தில், பாறையில் துளை போடுகிற இடத்தில் பறக்கிற சிலிக்கா தூசு முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வுகள் காட்டின. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்து, கேப்லன் என்பவர் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி 1953-லேயே எழுதிவிட்டார். பஞ்சுத் தூசில் வேலை செய்த பெண்களுக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு அதிகம் என்று மலேசியாவில் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது.

கல்குவாரியில் நிற்பது யார்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூல் மில்களுக்கு வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பேரில் பஞ்சுத் தூசுக்குள் அடைத்தார்களே, அவர்களில் பெரும்பங்கு நம் தங்கச்சிகள். 'உழைச்சா வலிக்கும்' என்று சொல்லிவிட்டால் வலி இயற்கையாகிவிடுகிறது, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 'தூசால் வரும்' என்று சொன்னால் தூசை அடக்காத முதலாளி பதில் சொல்ல வேண்டும், அதைச் சோதிக்காத தொழிற்சாலை ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லை அவர்கள் விரும்புவார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி நம் ஆட்களோடு கொஞ்சம் சண்டை.

கையைப் பாடுகிற தோழர்களுக்கு: உருக்குலைந்த விரல் உழைப்பின் சின்னம் இல்லை. அது மருந்து கிடைக்காத விரல். அதை அழகாக்கி எழுதும்போது, கிடைக்காமல் செய்தவர்களை விட்டுவிடுகிறீர்கள்.

கோட்பாடு பேசுகிற நண்பர்களுக்கு: உடம்பு தன்னையே எதிரியாகப் பார்க்கிற வியாதி என்றதும் உங்களுக்குப் பேனா அரிக்கும். சாதியை உள்வாங்கிக்கொண்ட மனம், தன்னையே வெறுக்கிற சமூகம் என்று உருவகம் வந்து நிற்கும். வேண்டாம். இது எதற்கும் உருவகம் இல்லை. ஒரு பெண் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல், வெளிக்குப் போனால் தண்ணிச் செம்பைப் பிடிக்க முடியாமல், மகளைக் கூப்பிடுகிறாள். அதை அதுவாகவே எழுதுங்கள்.

'இங்கிலீஷ் மருந்து ஆதிக்கத்தின் மருந்து, நம்ம வைத்தியம்தான் நம்முடையது' என்பவர்களுக்கு: அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர் என்பது நமக்குப் பெருமைதான். வைத்தியம் நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதும் வரலாறுதான். அதற்காக, எலும்பரிப்பைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்தை நம் பெண்களுக்கு மறுப்பது எந்த நியாயத்தில் சேரும்? பண்டிதர் அறிவுக்குப் பயந்தவர் இல்லை. சந்தையில் 'மூலிகைப் பொடி' என்று விற்பதில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சோதனைகள் பிடித்திருக்கின்றன. பாரம்பரியம் என்று அட்டையில் எழுதி உள்ளே அதே ஊசிக் கடை மருந்தைத்தான் வைக்கிறார்கள்.

ஸ்டீராய்டை முழுக்க விஷம் என்றும் சொல்லவில்லை. 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோனை ஒரு முடக்குவாத நோயாளிக்குப் போட்டார். படுத்துக் கிடந்த பெண் சில நாளில் நடந்தார். 1950-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பின்னால்தான் அதன் விலை தெரிந்தது: எலும்பு பொத்தலாகிறது, சர்க்கரை ஏறுகிறது, முகம் உப்புகிறது, அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்குகிறது. திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. சரியான மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு மருத்துவர் கொடுப்பது வேறு. பேர் சொல்லாமல் வருஷக்கணக்கில் குத்துவது வேறு.

*

சரியான மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையிலான குழு 1940-களில் உருவாக்கியது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசு இதை முடக்குவாதத்துக்கு அங்கீகரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கூடவே சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின் இருக்கின்றன. இவற்றுக்கு அடங்காதவர்களுக்கு 1990-களின் கடைசியிலிருந்து வரத் தொடங்கிய ஊசி மருந்துகள் உண்டு. அவைதான் விலை எகிறியவை. அதில் அடாலிமுமாப் என்பதன் நகல் மருந்தை 2014-ல் இந்தியாவிலேயே தயாரித்தார்கள். விலை குறைந்தது, கூலிக்காரிக்கு எட்டுகிற அளவுக்குக் குறையவில்லை.

ஆனால் பெரும்பாலோருக்கு முதலில் தேவைப்படுவது சாதாரண விலை மாத்திரை. தேவைப்படுகிற நேரம்தான் முக்கியம். அறிகுறி தொடங்கிய மூன்று மாதத்துக்குள் இந்த மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் அமைப்பின் பரிந்துரை. எலும்பரிப்பு முதல் இரண்டு வருஷத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டு வருஷத்தைத்தான் 'உழைச்ச ஒடம்பு' என்று சொல்லிச் சொல்லி நம்மிடமிருந்து பறிக்கிறார்கள்.

இந்த மாத்திரையில் ஒரு கண்டிப்பு உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினம் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து சாவு வரலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற நினைப்பவர்களும் சாப்பிடக் கூடாது. ஃபோலிக் அமில மாத்திரை கூட எடுக்க வேண்டும், ரத்தமும் ஈரலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். குணம் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். 'வாரம் ஒரு நாள்' என்பதை ஆங்கிலத்தில் கிறுக்கி, கைநாட்டு வைக்கிற பெண்ணிடம் கொடுத்து அனுப்புவது எவ்வளவு பெரிய குற்றம் என்று யோசியுங்கள். மருந்துக் கடைக்காரர் 'இது கேன்சர் மாத்திரையாச்சே' என்று சொல்லிவிட, பயந்து நிறுத்தியவர்கள் எத்தனை பேர். மூட்டு வியாதிக்குக் கொடுப்பது அதில் ஒரு சின்ன அளவு என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைக்கூட நம்மோடு பேச மறுக்கிறார்கள்.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரல் கணுக்களை அழுத்திப் பார்க்கப் பயிற்சி வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் காலை இறுக்கமும் வீக்கமும் இருந்தால் வாதநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், அதற்குச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லாமல் ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் அந்தப் பிரிவு வேண்டும். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி போவது என்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கும் திட்டத்தை 2021-ல் இந்த மாநிலம் தொடங்கிக் காட்டியது. அதே வழியில் இந்த மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் காலனிக்கு வர முடியும். மாத்திரை உறையின் மேல் எந்தக் கிழமை என்று தமிழில் எழுதவும், எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் போடவும் வேண்டும்.

2016-ன் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பேர் சொல்லிப் பட்டியலிட்டது. முடக்குவாதம் அதில் பேர் சொல்லப்படவில்லை. கை கால் இயக்கக் குறைபாடு என்ற பேரில் 40 சதவீதம் தேறினால்தான் சலுகை. அதாவது கை போன பிறகு வா என்கிறது சட்டம். காலையில் மூன்று மணி நேரம் விரல் மடங்காமல், பதினோரு மணிக்குச் சான்றிதழ் டாக்டர் முன்னால் ஓரளவு மடங்குகிற கைக்கு எத்தனை சதவீதம் போடுவார்கள்? இந்த வியாதி வந்து போகும், ஏறி இறங்கும். அதற்கேற்ற அளவுகோல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1955-ன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-வது பிரிவு, தீண்டாமை காரணமாக ஆஸ்பத்திரிக்குள் விட மறுப்பதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. உள்ளே விட்ட பிறகு பாகுபாடு காட்டுவதும் குற்றம் என்கிறது. டீக்கடை இரட்டைக் குவளைக்கு வழக்குப் போட நமக்குத் தெரிந்திருக்கிறது. தொடாமலே மருந்து எழுதுகிற மேசைகளுக்கு வழக்குப் போட நாம் இன்னும் பழகவில்லை.

படிக்கிற தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் காலையில் விரல் மடங்காத பெண்கள் எத்தனை பேர், எத்தனை மாதமாக, யாரிடம் காட்டினார்கள், யார் தொட்டுப் பார்த்தார்கள், என்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி எடுங்கள். ஒவ்வொருத்தியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து 'உழைச்ச ஒடம்பு' என்று ஆரம்பித்தால், 'அக்கா கையைப் பிடித்துப் பாருங்கள், 28 மூட்டு இருக்கிறது, எண்ணுங்கள்' என்று சொல்லுங்கள். எண்ணி முடிக்கிறவரை அங்கேயே நில்லுங்கள்.